கழுத்திலிருந்து வந்த கிறுகிறுப்பு

எங்கள் கோயிலில் பெருமாள் வீதி புறப்பாடு ஆகும்போது ஒவ்வொரு தெரு முனையிலும் வாகனத்தை நிறுத்தி, தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். வலத்தோளில் தண்டு சுமந்தவன் இடத்தோளுக்கு வருகிறான்; இடத்தோளில் சுமந்தவன் வலத்தோளுக்குப் போகிறான். இது சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று போன உற்சவத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். திசைக்கு ஒரு தேவதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தால் படித்துக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் பெயர் துளசிங்கம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பெருமாள் கோயிலில் சீர்பாதம் தாங்கியாக இருந்து ஓய்வு பெற்றவன். அதாவது சுவாமியின் வாகனத்தைத் தோளில் சுமக்கிறவன். என் அப்பா முன்தண்டில் நின்றவர். நான் தீவட்டி பிடித்து, பிறகு வாகனத்தை நிறுத்தும்போது தண்டைத் தாங்கும் முட்டுக்கட்டை சுமந்து, மீசை கறுத்த பிறகு பின்தண்டுக்கு வந்து, அப்பா காலமானதும் அவர் இடத்துக்கு வந்தேன். வலத்தண்டின் உள்பக்கம், முதல் ஆள். பகலில் ஒரு சாயக்காரர் வீட்டில் பட்டு நூல் கழிகளை முறுக்கிப் பிழியும் வேலை. கோயில் வேலையில் வருமானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்தண்டுக்காரன் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஊரில் யோசிக்க மாட்டார்கள், அதுதான் வருமானம்.

எங்களுக்குத் தலைவர் பார்த்தசாரதி. சாரதி அண்ணா என்போம். அவர் தண்டு சுமப்பதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கையில் பூண் போட்ட ஒரு கோல். வாகனத்துக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோலால் தண்டை ஒரு தட்டுத் தட்டினால் எல்லோரும் தோள் கொடுக்க வேண்டும். அடுத்த தட்டுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும். அதற்கும் அடுத்ததற்கு எழும்ப வேண்டும். ஒருவன் அரை மூச்சு முந்தினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அவன் பெயரைச் சொல்ல மாட்டார். இறக்கியபின் அவன் துண்டை மட்டும் எடுத்து உதறி மடித்து அவன் கையில் கொடுப்பார். அது அடி வாங்கியதைவிட வலிக்கும். யாராவது கூப்பிட்டால் அவர் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை, உடம்போடு திரும்புவார். அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தோம்.

தண்டு சுமப்பதில் வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பாரம் தோளில்தான் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தோள் பழகிவிடும், காய்ப்புக் காய்த்துவிடும். பழகாதது கழுத்து. தண்டு வலத்தோளில் உட்கார்ந்தால் தலைக்கு இடமில்லாமல் இடப்பக்கம் சாய வேண்டும். சாய்ந்த தலை ஆடக் கூடாது. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவனின் குதிகால் தெரியும். அதைப் பார்த்து நடந்துவிடுவான். முதல் ஆளுக்கு அதுவும் கிடையாது. கல்லும் பள்ளமும் பார்க்கத் தலையைச் சாய்த்த மேனிக்குக் குனியவும் வேண்டும். விடியலில் ஆரம்பித்த புறப்பாடு, வீட்டுக்கு வீடு கற்பூரம் காட்டி, வெயில் ஏறித்தான் முடியும். எனக்கு என்றைக்கும் வலத்தோள். அப்பாவுக்கும் அதே தோள். மாற்றலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

முதலில் கிணற்றடியில் வந்தது. ராட்டினத்தில் கயிறு சிக்கியதென்று அண்ணாந்து பார்த்தேன். கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாம் ஒரு பக்கமாக ஓடின. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தேன். அப்புறம் ஒருநாள் க்ஷவரம் செய்கிறவர் என் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். கத்தி கன்னத்தில் இருக்கிறது என்பதையும் மறந்து அவர் கையை இறுகப் பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோய், என்ன என்று கேட்டார். தூக்கம் என்றேன். அதன்பின் காதுக்குக் கீழே கழுத்து எப்போதும் கயிறு முறுக்கினது போல் இருந்தது. நடந்தால் தரை ஒரு பக்கம் உயர்ந்து வருவது போல் இருக்கும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தண்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்த வருஷத்து உற்சவத்தில் கருட வாகனத்தன்று அது நடந்தது. சன்னதித் தெருவிலிருந்து வலப்பக்கம் திரும்பும் முனை. அந்த இடத்தில் வலத்தண்டுக்காரர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இடத்தண்டுக்காரர்கள் எட்டிப் போட்டுச் சுற்றி வர வேண்டும். என் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்க, உடம்பு வலப்பக்கம் திரும்புகிறது. தெருவே என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என் முழங்கால் மடங்கியது எனக்குத் தெரியாது. தண்டு இறங்கியதுதான் தெரிந்தது.

கருடன் வலப்பக்கமாகச் சாய்ந்தார். மேலே நின்ற பட்டர் பெருமாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குடை சரிந்தது. பெரிய மாலை கழன்று தெருவில் விழுந்தது. அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பின்னால் இருந்த எத்திராசு தன் தோளோடு என் பங்கையும் சேர்த்து ஏந்திக்கொண்டான். முட்டுக்கட்டைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். எழப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தள்ளாடிப் போய் ஒரு வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றேன்.

குடித்திருக்கிறான் என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. ஒருவர் சொன்னதும் எல்லோரும் சொன்னார்கள். சாரதி அண்ணா என் முன்னால் வந்து நின்றார்.

"வாயை ஊது" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி கனகம்மாள் தேங்காய்த் தட்டோடு எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். நான் ஊதினேன். அவர் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து மோந்தார். விரதம் இருந்த வாய். தீர்த்தத்தையும் துளசியையும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. அவர் நிமிர்ந்தார். பிறகு என் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மடித்து என் கையில் கொடுத்து, "நீ வூட்டுக்குப் போபா" என்றார். அவ்வளவுதான். குடித்தான் என்றும் சொல்லவில்லை, குடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்குப் புறப்பாடு பாதியில் திரும்பியது. பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்து தோஷம் கழித்தார்கள். என்னால் பெருமாளுக்கு ஒரு குளியல். என் வீட்டில் இருந்தபடியே அந்த மணிச் சத்தத்தைக் கேட்டேன்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. தெருப் பிள்ளைகள் என் பின்னால் தோளைச் சாய்த்துத் தள்ளாடி நடந்து காட்டின. சாயக்காரர் நல்ல மனிதர். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் கொதிக்கிற அண்டாப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, மூலையில் நூல் உலர்த்தப் போட்டார். எனக்காகத்தான் சொன்னார். நான் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் கொல்லைப் பக்கம் வந்தபோது கனகம்மாள் துணி துவைக்க உட்கார்ந்திருந்தாள். என் துண்டைத் தண்ணீரில் நனைப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. கடைசிவரை தெரியாது. தெருவில் ஊதியபோதுகூட அவ்வளவு கூசவில்லை.

தலையை அசைத்தாலே வாந்தி வருகிற நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சாலமன் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஒல்லியாக, சதா அவசரத்தில் இருப்பவர் போல் தெரிவார். ஆனால் நோயாளியைத் தொட்டுவிட்டால் அவசரம் போய்விடும். குடிப்பியா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எப்போது வருகிறது, படுத்தாலா, எழுந்தாலா, எந்தப் பக்கம் திரும்பினால், தோளில் என்ன சுமக்கிறாய் என்று கேட்டார். காதுக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கக் காதருகே பிடித்தார். காதில் பழுதில்லை என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. சுழல்கிற முக்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்தார். கம்பவுண்டரிடம் என் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தலை அப்படியே இருக்க, முக்காலியை மட்டும் மெதுவாகத் திருப்பினார். உடம்பு கீழே திரும்பியது, தலை திரும்பவில்லை. அறை கிறுகிறுவென்று சுற்றியது. ஐயா என்று முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு, தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி அதே மெதுவில் சுற்றினார். ஒன்றும் வரவில்லை. அவர் தமக்குள் தலையாட்டிக்கொண்டார். பிறகு என் பின்னால் வந்து, இடப்பக்கம் காதுக்குக் கீழே விரலால் தேடி ஓரிடத்தில் அழுத்தினார். அங்கே சதை கொட்டைப்பாக்கு மாதிரி கட்டிக் கிடந்தது. அழுத்தியதும் அதே சுற்றல். அடக்க முடியாமல் அவர் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

குனிந்து துண்டால் துடைக்கப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அது கிடக்கட்டும். கேளு. தலை எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்குதுன்னு காது சொல்லும், கண்ணு சொல்லும், கழுத்துச் சதையும் சொல்லும். உன் கழுத்து வருஷக்கணக்கா ஒரே பக்கம் இழுபட்டுக் கெட்டுப்போச்சு. அது தப்பாச் சொல்லுது. காது ஒண்ணு சொல்ல, கழுத்து ஒண்ணு சொல்ல, உனக்குப் பூமி சுத்துது."

எல்லா டாக்டரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் தம் கைக்குத் தெரிந்தது இதுதான் என்றும் சொன்னார். உப்பு மூட்டை ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கழுத்தை எப்படி மெல்ல மெல்லத் திருப்பிப் பழக்குவது என்று தாமே செய்து காட்டினார். தலையணை கூடாது, அடுத்த உற்சவம் வரை பாரம் கூடாது என்றார். இதை வந்து எங்கள் தெருவில் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். வாந்தி காயாத அந்தப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கனகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உப்பை வறுத்து மூட்டை கட்டினாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளே ஒத்தடம் கொடுத்தாள். ஒருநாள் அவள் கண்ணீர் என் பிடரியில் விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து எத்திராசு வந்தான். சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டு வந்தவன் வாங்கிக்கொண்டும் போகவில்லை. திண்டாடித் திண்டாடி, எனக்கு அந்தச் சுற்றல் எப்படி வரும் என்று கேட்டான். கிணற்றடியையும் க்ஷவரக் கத்தியையும் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தி, "எனக்கு மல்லாந்து படுத்தா வருதுபா. உக்காந்துக்கினேதான் தூங்குறேன்" என்றான். தனக்கு மூச்சுத் தொல்லை என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறான். அவனுக்கு அடுத்து இன்னொருவன், பிறகு பின்தண்டிலிருந்து ஒருவன் என்று ஆளுக்கு ஒரு சாக்கோடு வந்தார்கள். எல்லோரும் ஒளித்து வைத்திருந்தார்கள். தெய்வக் குற்றம் என்று ஒருவன் பயந்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்தேன், வந்தவர்களுக்குக் கனகம்மாள் உப்பு வறுத்தாள். ஆனால் உள்ளே எனக்குச் சந்தோஷம் இல்லை. இத்தனை பேருக்கு இருந்ததில் தெருவில் விழுந்தது நான் ஒருவன்தானே என்றிருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் சாரதி அண்ணா வந்தார். கோல் இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கனகம்மாள் தண்ணீர் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அவர் குடிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "கையை வை" என்று கழுத்தைக் காட்டினார்.

வைத்தேன். இரண்டு பக்கமும் கல்லாக இருந்தது. என் கழுத்தில் இருந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. லேசாக விரல் பட்டதற்கே கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி வருஷமா இருக்குது, அண்ணா?"

"தண்டை விட்டதே அதாலதாம்பா. யாரண்டையும் சொன்னதில்ல."

அவர் ஏன் உடம்போடு திரும்புகிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு வாயை மோந்தப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"மோந்து பாக்கறதுக்கு முந்தியே தெரியும். நீ வண்டிச் சக்கரத்தண்ட போன தினுசைப் பாத்தாலே தெரியும்."

"அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அண்ணா."

அவர் தலைப்பாகைத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்கோ."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பெரிய மனிதர் பிடரியைத் திறந்துகொண்டு என் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அடுப்பண்டை போய் உப்பு மூட்டையை எடுத்தேன். கனகம்மாள் அதைத் தரமாட்டேன் என்பது போல் ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள். நானே அதைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து அவருக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

அடுத்த உற்சவத்துக்குக் கொடி ஏறிய அன்று வாகன மண்டபத்தில் எங்களை எல்லாம் கூப்பிட்டார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஒரு மூலையில் நின்றேன். அவர் கருட வாகனத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, எப்போதும் போல் தாழ்ந்த குரலிலேயே சொன்னார்: "போன வருசம் துளசிங்கம் குடிக்கல. எனக்கு அப்பவே தெரியும். அதே கோளாறு எனக்கும் இருக்குது. நான் சொல்லல." பட்டரும் இருந்தார், தர்மகர்த்தாவும் இருந்தார். இனிமேல் முனைக்கு முனை நின்று தோள் மாற்ற வேண்டும் என்றார். நேரம் ஆகும், நடை சாத்துவது தள்ளிப்போகும் என்று தர்மகர்த்தா இழுத்தார். சாரதி அண்ணா அவர் பக்கம் உடம்போடு திரும்பினார். "பெருமாள் நிப்பாருங்க. நாங்கதான் வுழுந்துடுவோம்" என்றார். அதோடு முடிந்தது.

அந்த வருஷமே நானும் தண்டுக்குத் திரும்பினேன், இடத்தோளில் தொடங்கி. முனை வந்தபோது கண் இருட்டியது, அது பயம். கால் நின்றது. இன்னும் பல உற்சவம் சுமந்தேன். சாரதி அண்ணா காலமான பிறகு அவர் கோல் என் கைக்கு வந்தது. சின்னச் சுற்றல் இருக்கிறது என்று எவன் வந்து சொன்னாலும், காரணம் கேட்காமல் அன்றைக்கு அவனை முட்டுக்கட்டைக்கு மாற்றுவேன். துண்டை உதறி மடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் தொடரவில்லை.

ஆனால் சாரதி அண்ணா சொன்னதைக் கேட்டவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் மட்டும். நான் தள்ளாடியதைப் பார்த்தது ஊர் முழுவதும். வெளியூரிலிருந்து சேவிக்க வந்தவர்கள் பார்த்ததை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை திருமுக்கூடலுக்கு உற்சவம் பார்க்கப் போயிருந்தேன். பெருமாள் வர நேரம் இருந்தது. ஆற்று மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் முசரவாக்கத்துக்காரர் ஒருவர், என் வயதுதான், மகளோடும் மருமகனோடும் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்திலிருந்து எனக்கும் சுண்டல் கொடுத்தார். பேச்சு வாகனம் தூக்குவதைப் பற்றிப் போயிற்று. அவர் மருமகனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்ன காஞ்சிபுரத்துல ஒருத்தன் குடிச்சிட்டு வந்து சாமியையே சாச்சிட்டான்பா. நான் கண்ணால பாத்தேன். மாலை தெருவுல வுழுந்துச்சு." மகள் காதைப் பொத்திக்கொண்டு, அப்படியும் மனிதர்கள் உண்டா என்று கேட்டாள்.

நல்ல மனிதர். சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பார். கழுத்தையும் காதையும் முக்காலியையும் எல்லாம் பொறுமையாகக் கேட்டிருப்பார். ஆனால் அவன் குடிக்கவில்லை என்று நான் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் அவர் முதலில் கேட்பார். வாயில் இருந்த சுண்டலை மென்றுகொண்டு, தூரத்தில் தெரிந்த குடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.